பங்கர் மணல்

வெள்ளவத்தையில் சுபோதினி குடியிருக்கும் மாடிவீட்டுத் தொகுதியில் யாரையாவது நிறுத்தி, அவள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் "மண் அரிக்கிறவ" என்பார்கள். அதில் பொய் இல்லை. பாமன்கடையில் கட்டடப் பொருட்களைச் சோதிக்கும் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. மணல் மூட்டை வந்தால் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அரிதட்டுகளில் போட்டு ஆட்டி, எந்தத் தட்டில் எவ்வளவு தங்கியது என்று நிறுத்து எழுதுவாள். கொங்கிறீட் கட்டிகளை, வார்த்து இருபத்தெட்டாம் நாள், பலம் பார்க்க இயந்திரத்தில் வைத்து நசுக்குவாள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒரு சிட்டிகை மணலை உருட்டிப் பார்த்தே அதில் எவ்வளவு களிமண் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பிறகு இயந்திரம் சொல்வதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு மாசி மாதக் காலையில் வினோதன் என்பவன் ரெலிபோன் எடுத்தான். பொரளைப் பக்கம் ஒரு கோல்ப் கழகத்தில் புல்லையும் நிலத்தையும் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவன்.

"அக்கா, பங்கருக்குப் போடுறதுக்கு மூண்டு வகை மணல் பாத்து வச்சிருக்கிறம். எது நல்லதெண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

சுபோதினி எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பங்கர் தம்பி?"

"கோல்ப் பங்கர் அக்கா. பந்து போய் விழுகிற மணல் குழி." அவன் சிரித்தது கேட்டது. "நான் வவுனியா. எனக்கும் இந்த வேலையில சேர்ந்த முதல் நாள் அப்பிடித்தான் இருந்தது."

சுபோதினி பிறந்தது வடமராட்சி கிழக்கில், கடலுக்குக் கிட்ட. அங்கே நிலமெல்லாம் மணல். சண்டைக் காலத்தில் குண்டுக்குப் பதுங்க வளவுக்குள் பங்கர் வெட்டினால் பக்கங்கள் நிற்காது, சரிந்துகொண்டே இருக்கும். பனை மரக் குத்திகளை அடுக்கிய பிறகும் இடுக்கால் மணல் கொட்டும். அவளுடைய அப்பா பின்னேரங்களில் கிணற்றுத் தண்ணீர் அள்ளிப் பக்கச் சுவர்களில் ஊற்றுவார். ஈரம் இருக்கும்வரை மணல் நிற்கும். காய்ந்தால் தலையில் கொட்டும். மணலைப்பற்றி அவள் படித்த முதல் பாடம் அது. பதினெட்டு வயதில் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கித் தொழில்நுட்ப டிப்ளோமா படித்தபோது, அதே விஷயத்தைப் புத்தகத்தில் கோடு கீறி விளங்கப்படுத்தியிருந்தார்கள். இதையெல்லாம் அவள் வினோதனுக்குச் சொல்லவில்லை. மூட்டைகளை அனுப்பச் சொன்னாள்.

மூன்று மூட்டை வந்தது. ஒன்று வெள்ளை மணல், சீனி மாதிரிப் பளபளப்பு, குறுணி எல்லாம் ஒரே அளவு, ஒரே உருண்டை. இரண்டாவது ஆற்று மணல், பழுப்பு நிறம், சிறிதும் பெரிதும் கலந்தது. மூன்றாவது கருங்கல்லை உடைத்து எடுத்த சாம்பல் நிற மணல், முனை முனையாகக் குறுணி. கழகத்தில் பங்கர்களைப் புதுப்பிக்கிறார்களாம். இருக்கிற பழைய மணல் மழைக்குச் சேறாகவும் வெயிலுக்குக் கட்டியாகவும் ஆகிவிடுகிறது என்று அங்கத்தவர்கள் முறைப்பாடு. வெள்ளை மணல் கண்ணுக்கு அழகு என்பதால் கொமிட்டிக்கு அதில் ஆசை.

சுபோதினி முறைப்படி எல்லாம் செய்தாள். அரித்தாள், கழுவினாள், நிறுத்தாள், பூதக்கண்ணாடியில் குறுணியின் வடிவம் பார்த்தாள். ஒரு கோல்ப் பந்தை மணலில் வைத்து அழுத்தி, எவ்வளவு பலத்துக்கு எவ்வளவு தாழ்கிறது என்றும் பார்த்தாள். வெள்ளை மணலில் பந்து புதைந்தது. உருண்டைக் குறுணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் வழுக்கி விலகும். சாம்பல் மணல் அசையாமல் தாங்கியது. ரிப்போட் எழுதினாள்: முதல் தெரிவு சாம்பல் நிறக் கல்மணல், அடுத்தது ஆற்று மணல், வெள்ளை வேண்டாம்.

ஒரு கிழமை கழித்து வினோதன் மீண்டும் ரெலிபோன் எடுத்தான். குரலில் சங்கடம் இருந்தது.

"ரிப்போட்டை கொமிட்டியில வாசிச்சவை அக்கா. டொக்டர் ஹாஷிம் எண்டு ஒருத்தர், கண் டொக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் ஒரு கேள்வி கேட்டவர்."

"என்ன கேட்டவர்?"

"இதை எழுதின ஆள் ஒரு பந்தாவது மணலுக்குள்ள இருந்து அடிச்சுப் பாத்திருக்கிறாவா எண்டு."

சுபோதினிக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது கணவன் ஜனாவிடம் சொன்னாள். ஜனா காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை செய்பவன், எதற்கும் அவசரப்படாத ஆள்.

"கேட்டதில என்ன பிழை?" என்றான், இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டபடி. "நீர் அடிக்கேல்லைத்தானே."

"தூணுக்கு மண் பாக்கிறதுக்கு நான் தூணா நிக்கவேணுமே?"

"தூண் வந்து முறைப்பாடு சொல்லாது. இது மனுசர் விளையாடுறது."

மறுநாள் காலை வினோதனை அழைத்து, தனக்கு அடித்துப் பார்க்க இடம் தருவார்களா என்று கேட்டாள்.

பயிற்சித் திடலின் ஓரத்தில், தண்ணீர்ப் பம்பிக் கொட்டகைக்குப் பக்கத்தில், வினோதன் மூன்று குழி வெட்டுவித்தான். ஒவ்வொன்றும் ஒரு சிறிய அறை அளவு, ஒரு பக்கம் இடுப்பளவு மேடு. ஒவ்வொன்றிலும் ஒரு வகை மணல். சனிக்கிழமைகளில் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை, அங்கத்தவர்கள் கூடுவதற்கு முன்னம், அவள் வரலாம் என்று அனுமதி கிடைத்தது. சொல்லிக்கொடுக்க றமேஷ் என்பவனை விட்டார்கள். கொட்டாஞ்சேனைக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். விளையாடுபவர்களின் மட்டைப் பை தூக்கும் வேலையில் தொடங்கி, இப்போது புதிதாகச் சேருபவர்களுக்குப் பழக்குபவன்.

முதல் சனிக்கிழமை அவள் இருபது பந்து அடித்தாள். ஒன்றும் வெளியே போகவில்லை. சிலது மேட்டில் முட்டித் திரும்பி அவள் காலடிக்கே வந்தன. ஒன்றை முழுதாகவே தவறவிட்டாள்.

"மெடம், நீங்க பந்த பாத்து அடிக்கிறீங்க," என்றான் றமேஷ்.

"பந்தைப் பாக்காமல் எதைப் பாக்கிறது?"

"மண்ண பாருங்க. பந்துக்குப் பின்னால ரெண்டு விரல் தள்ளி மண்ணுல அடிங்க. மட்டை மண்ண வெட்டிக்கிட்டுப் போகணும். மண்ணுதான் பந்தத் தூக்கும். கோல்ப்ல பந்தத் தொடாம அடிக்கிற அடி இது ஒண்ணுதான்."

அதைக் கேட்டதும் சுபோதினிக்கு விளையாட்டின் மேல் முதன்முதலாக ஒரு மரியாதை வந்தது. மணலை அடிக்கச் சொல்கிறார்கள். அப்படியென்றால் இது தன்னுடைய வேலைதான் என்று நினைத்தாள்.

றமேஷ் அவளுடைய கால்களை மணலுக்குள் திருகிப் பதிக்கச் செய்தான். மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திறந்து பிடிக்கப் பழக்கினான். அடிக்க முன்னம் மட்டை மணலில் பட்டால் பிழை என்பதால் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அடித்துவிட்டு நடுவழியில் நிறுத்தக்கூடாது, தோளுக்கு மேலே கொண்டுபோய் முடிக்கவேண்டும். அவளுக்குப் பயம் பிடித்துக் கடைசி நொடியில் கையை இழுத்துக்கொள்வாள். மணல் ஒரு பிடி எழும்பிக் கொட்டும். பந்து அங்கேயே கிடக்கும். தலைமயிருக்குள்ளும் சட்டைக் கழுத்துக்குள்ளும் மூன்று வகை மணலோடு வீட்டுக்குப் போய்க் குளிப்பாள்.

நாலாவது சனிக்கிழமை றமேஷ் ஒரு பழைய வெட்ஜைக் கையில் கொடுத்துவிட்டான். மணலுக்கென்றே செய்த மட்டை அது. அடிப்பாகம் தடித்து வளைந்திருக்கும்.

"பந்து வேணாம். கடற்கரையில ஒரு கோடு கீறுங்க. கோட்டுல அடிங்க. கோட்டுக்கு முன்னால வெட்டுதா பின்னால வெட்டுதா பாருங்க. நூறு தரம்."

வெள்ளவத்தைக் கடற்கரை அவளுடைய ஒழுங்கையின் முடிவில்தான். தண்டவாளத்தைக் கடந்தால் ஒடுங்கிய ஒரு மணல் துண்டு. வேலை முடிந்து வந்து, சல்வாரோடேயே தலையில் ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு, காலால் நீளக் கோடு ஒன்று கீறி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அடித்துக்கொண்டு போனாள். காதல் சோடிகள் குடையை மடக்கிவிட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் நானா என்று கூப்பிடும், வடை விற்கிற ஒரு முஸ்லிம் மனிதர் கூடையை இறக்கி வைத்தார்.

"என்னமோ உழுந்திட்டு போல ஈக்கி தங்கச்சி. மோதிரமா?"

"ஒண்டும் விழேல்லை நானா. பழகிறன்."

"மண்ணுக்கு அடிக்கப் பழகியா?"

"ஓம்."

அவர் யோசித்தார். "மண்ணுக்கு அடிச்சு என்ன செய்ய," என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இன்னொரு நாள் ஒரு பொலிஸ்காரர் தண்டவாளத்தில் நின்று, "நோனா, மொனவத ஹொயன்னே?" என்று கேட்டார். என்ன தேடுகிறீர்கள் அம்மா என்று. சுபோதினி சிங்களத்தில் விளக்கமாகச் சொன்னாள். பங்கர் என்ற சொல் வந்தபோது அவர் புருவத்தை உயர்த்தினார். அவள் சட்டென்று கோல்ப் என்று சேர்த்துக்கொண்டாள். அவர் மட்டையை வாங்கிப் பார்த்து, தானும் ஒருமுறை மணலில் அடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சித்திரை வருடப் பிறப்புக்கு முந்தின சனிக்கிழமை, ஆற்று மணல் குழியிலிருந்து ஒரு பந்து எழும்பியது. எப்படி அடித்தாள் என்று அவளுக்குத் தெரியாது. 'தப்' என்று மெத்தையில் அடித்த மாதிரி ஒரு சத்தம். மணல் விசிறியாக விரிந்தது. அதற்குள்ளிருந்து பந்து மெதுவாக மேலே போய், மேட்டைத் தாண்டி, புல்லில் விழுந்து இரண்டு அடி உருண்டு நின்றது. றமேஷ் அடுத்த பந்தை எடுத்து வைத்தான். அன்றைக்கு இருபதில் ஆறு வெளியே போயின.

அதற்குப் பிறகு அவள் தன் வேலைப் புத்தகத்தைக் கொண்டுவரத் தொடங்கினாள். ஒவ்வொரு குழியிலும் இருபது பந்து. வெளியே போனது எத்தனை, மணல் காய்ந்திருந்ததா ஈரமா, பந்து மேலே இருந்ததா புதைந்ததா. புதைந்த பந்துக்கு அடி வேறு. மட்டையின் முகத்தை மூடிச் செங்குத்தாக இறக்கவேண்டும். வெள்ளை மணலில் முக்கால்வாசிப் பந்துகளுக்கு அந்த அடிதான் தேவைப்பட்டது. கல்மணல் கோடை முழுவதும் மிக நன்றாக இருந்தது. தன் ரிப்போட் சரிதான் என்று அவளுக்கு ஒரு திருப்தி.

வைகாசியில் மழை தொடங்கியது. மூன்று நாள் இடைவிடாமல் ஊற்றி, நாலாம் நாள் சனிக்கிழமை விட்டிருந்தது. வினோதன் முன்னதாகவே வந்து குழிகளுக்குப் பக்கத்தில் நின்றான். ஆற்று மணலில் தண்ணீர் வடிந்து, மேற்பரப்பில் மழைத்துளியின் புள்ளிகள் மட்டும் இருந்தன. வெள்ளை மணல் மேட்டிலிருந்து வழுக்கி அடியில் குவிந்து கிடந்தது. கல்மணல் குழியில் இன்னும் தண்ணீர் நின்றது.

தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டு அவள் அதற்குள் இறங்கினாள். காலைத் திருகினால் பதியவில்லை. வழக்கம்போல் இரண்டு விரல் பின்னால் அடித்தாள். மட்டை மணலுக்குள் போகவே இல்லை. தெறித்து எழும்பிப் பந்தின் வயிற்றில் அடித்தது. பந்து தாழ்வாகச் சீறிப்போய்க் கொட்டகையின் தகரத்தில் மோதியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை விண்ணென்று ஒரு நோவு. இன்னும் ஐந்து அடித்தாள். எல்லாம் அப்படித்தான்.

அவள் குனிந்து விரலால் மணலைச் சுரண்டினாள். மேலே ஒரு பொருக்கு, மெல்லிய சீமெந்துப் பூச்சு மாதிரி. கருங்கல் தூள் மழையில் கலங்கி மேலே வந்து இறுகியிருந்தது.

"என்ன அக்கா?" என்றான் வினோதன்.

"தூள் கூடிப்போச்சு. நூற்றுக்கு நாலு. நான் எழுதினனான்தான். நாலு பறவாயில்லை எண்டு எழுதினனான்." அவள் நிமிர்ந்தாள். "அது கொங்கிறீட்டுக்குப் பறவாயில்லை தம்பி. கொங்கிறீட் இறுகவேணும். இது இறுகக்கூடாது."

இருபத்திரண்டு வருடமாக மணல் இறுகுமா என்று மட்டுமே பார்த்த கண். அதே கணக்கை இங்கேயும் போட்டுவிட்டாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. கை நோவைவிட அதுதான் பெரிது.

திங்கட்கிழமை ஆய்வுகூடத்தின் உரிமையாளர் வரதராசாவிடம் போனாள். ரிப்போட்டைத் திருப்பி எடுத்துத் திருத்தவேண்டும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவை திருத்தச் சொல்லிக் கேட்டவையோ?"

"இல்லை சேர்."

"அப்ப ஏன்? நாங்கள் செய்த சோதனையில பிழை இருக்கோ?"

"சோதனையில பிழை இல்லை. அதை வச்சு நான் சொன்ன முடிவில பிழை."

"பிள்ளை, கையெழுத்துப் போட்ட ரிப்போட்டை நாங்களே பிழையெண்டு சொன்னால் நாளைக்குப் பாலம் கட்டுறவன் எங்களிட்ட வருவானே? கோல்ப் விளையாடுறவைக்கு மழையில கொஞ்சம் கஷ்டம். அவ்வளவுதானே. வீடு இடிஞ்சு விழப்போகேல்லை."

"நான் போட்ட கையெழுத்து சேர்," என்றாள் சுபோதினி.

வரதராசா கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். கடைசியில், போவதென்றால் போ, ஆனால் ஆய்வுகூடத்தின் கடிதத்தலைப்பில் எழுதாதே, உன் பெயரில் எழுது என்றார். அவள் வெறும் வெள்ளைத் தாளில் இரண்டு பக்கம் எழுதினாள்.

ஆனி மாதத்தில் கொமிட்டி கூடியது. மேல்மாடியில் நீள மேசை, ஏழெட்டுப் பேர். எல்லாரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். அவளும் தனக்கு வந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். ஓரத்துக் கதிரையில் இருந்த வயதான மனிதர் தமிழில் கேட்டார்.

"அப்ப மொத ரிப்போட் பிழையா?"

அவர்தான் டொக்டர் ஹாஷிம் என்று அவளுக்கு விளங்கியது.

"ஓம் டொக்டர். பிழை."

"இந்த ரெண்டாவத நம்பலாமா?"

"நீங்கள் நம்பவேண்டாம். கீழ மூண்டு குழி இருக்கு. ராத்திரியும் மழை பெய்தது. வந்து அடிச்சுப் பாருங்கோ."

சிலர் சிரித்தார்கள். ஹாஷிம் சிரிக்கவில்லை. எழும்பித் தன் மட்டைப் பையை எடுத்துவரச் சொன்னார். தூறலில் ஐந்து பேர் குடையோடு கீழே இறங்கினார்கள்.

அவர் நாற்பது வருடம் விளையாடியவர். ஆற்று மணலில் மூன்று பந்தையும் அழகாக எடுத்தார். கல்மணலில் முதல் பந்து தகரத்தில் மோதியது. அவர் கையை உதறிக்கொண்டு, மட்டையின் முகத்தை மாற்றிப் பிடித்து, அடுத்ததை ஒருமாதிரி வெளியே எடுத்தார். வெள்ளை மணலில் பந்தை மேலிருந்து போட்டார். அது பாதிக்குமேல் தாழ்ந்து, பொரித்த முட்டையின் நடுவில் மஞ்சட்கரு மாதிரி உட்கார்ந்தது. அதை வெளியே எடுக்க நாலு அடி பிடித்தது.

மட்டையை அவளிடம் நீட்டினார். "நீங்க அடிங்க."

சுபோதினி ஆற்று மணலில் இரண்டை எடுத்தாள், ஒன்று மேட்டில் முட்டியது. கல்மணலில் ஒன்றும் போகவில்லை. வெள்ளையில் மட்டையின் முகத்தை மூடி, செங்குத்தாக இறக்கினாள். முதல் அடிக்குப் பந்து அசைந்தது. இரண்டாவதுக்கு வெளியே போய்க் கனதூரம் உருண்டது.

"எவ்வளவு காலமாப் பழகுறீங்க?"

"மூண்டு மாசம். சனிக்கிழமை மட்டும்."

"வேற அடியெல்லாம்?"

"வேற ஒண்டும் தெரியாது டொக்டர்."

அவர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மூன்று குழிகளையும் ஒருமுறை பார்த்தார். "ஆத்து மண்ணுதான்," என்று மற்றவர்களிடம் சொன்னார்.

முழுவதும் அவர் சொன்னபடி நடக்கவில்லை. கழக மண்டபத்துக்கு நேர் எதிரே இருக்கும் இரண்டு பங்கருக்கு வெள்ளை மணல்தான் வேண்டும் என்று கொமிட்டி பிடித்த பிடியில் நின்றது. கல்யாணங்களுக்கு அங்கே படம் எடுப்பார்களாம். மற்ற எல்லாவற்றுக்கும் ஆற்று மணல். ஆவணிக்குள் வேலை முடிந்தது. ஐப்பசி மழையில் அந்த இரண்டையும் வினோதனின் ஆட்கள் ஒவ்வொரு காலையும் அடியிலிருந்து அள்ளி மேலே போட்டார்கள்.

ஆய்வுகூடத்தில் வரதராசா அவளை ஏசவில்லை. ஆனால் வாடிக்கையாளர்களோடு கதைக்கும் வேலையை அர்பா என்ற இளம் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, சுபோதினியைக் கொங்கிறீட் கட்டிகள் நசுக்கும் அறைக்கு அனுப்பினார். ஆறு மாதம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அவற்றை நசுக்கினாள். தை மாதத்தில் ஒரு பெரிய பாலத்து வேலை வந்தபோது, யாரும் ஒன்றும் சொல்லாமலே அவளுடைய மேசை பழைய இடத்துக்கு வந்தது.

சனிக்கிழமைகளை அவள் விடவில்லை. சோதனை முடிந்துவிட்டது, இனி ஏன் போகிறாய் என்று ஜனா ஒருமுறை கேட்டான். அந்த 'தப்' என்ற சத்தத்துக்காக என்று அவளுக்குச் சொல்ல வந்தது. "நடந்து கொஞ்சம் வேர்க்குது, நல்லதுதானே," என்றாள்.

போன மாதம் றமேஷ் அவளை முதன்முதலாக உண்மையான விளையாட்டுக்குக் கூட்டிப்போனான். ஆட்கள் குறைந்த ஒரு வேலைநாள்; கொடி நட்ட ஒன்பது குழிகளிலும் ஒவ்வொன்றாகப் பந்தை விழுத்தவேண்டும். ஜனாவும் லீவு போட்டுவிட்டுத் தொப்பியோடு கூடவே நடந்தான். தூர அடிக்கும் மட்டைகளில் சுபோதினிக்குப் பழக்கமே இல்லை. பந்து இருபது கெஜம் போகும், சிலவேளை பக்கவாட்டில் போகும். ஒரு குழிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று அடி ஆனது. பங்கர்கள் வழியெல்லாம் இருந்தன, அவள் தேர்ந்த மணலோடு, சீப்பால் வாரியதுபோல் கோடு கோடாக. அவளுடைய பந்து அவற்றுக்குக் கிட்டவும் போகவில்லை.

ஏழாவது குழியில் ஜனா கேட்டான், "என்னப்பா, இவ்வளவு நாளும் பழகினது அதுக்குள்ள இருந்து அடிக்கத்தானே? ஒண்டாவது விழாதோ?"

"பங்கர்ல விழுறதுக்கும் ஒரு அளவு நல்லா அடிக்கணும் சேர்," என்றான் றமேஷ்.

சுபோதினி அடுத்த பந்தை அடித்தாள். அது புல்லை உரசிக்கொண்டு முப்பது கெஜம் ஓடி, பங்கரின் விளிம்புக்கு இரண்டு எட்டு இப்பால் நின்றது. மூவரும் அதை நோக்கி நடந்தார்கள்.